தேத்தண்ணி ஆறுதென்று சொல்ல ஆளில்லை

மச்சான்,

இன்று காலையில் தலவாக்கலை பஸ் நிலையத்துச் சுவரில் ஒருவன் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு வாளி கோதுமை மாப்பசை, ஆவி பறக்க. அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் சுவரைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் தேடினேன். நாற்பது வருஷம், ஒவ்வொரு திருவிழாவுக்கும் முதல் நாள் தோட்டத்து வரிசை வீடுகளில், உன் லயத்து ஒற்றைக் காம்பராவில் அடித்த மணமல்லவா அது? பழைய வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்து, பசையில் தோய்த்து, வலது கை விரல் ஒவ்வொன்றிலும் சுற்றி, அடுப்பு வெக்கையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். காய்ந்துவிட்டால் கல்லுப்போல விரல்கூடு. அந்தக் கூடு போட்ட கையால் தவிலில் ஒரு தட்டுத் தட்டினால் எதிர்மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. ஒரு பெண் இறக்கி வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறகுதான் நோட்டீஸைப் பார்த்தேன். நம் தோட்டத்து மாரியம்மன் தேர், வருகிற வெள்ளிக்கிழமை. அதில் என் படம். இருபது வருஷத்துக்கு முந்தியது, வாய் நிறையப் பல். கீழே கொட்டை எழுத்தில் ‘நாதஸ்வரச் சக்கரவர்த்தி’ என்று போட்டு என் பெயர். அந்தப் பட்டத்தை எனக்குக் கொடுத்தது யார் என்று உனக்குத் தெரியும். நானேதான் கொடுத்துக்கொண்டேன். அதற்கு நீ அன்றைக்குச் சொன்னது: “சக்கரவர்த்தின்னா நாடு வேணும் மச்சான். ஒனக்கு லயத்துல அரைக் காம்பராதானே இருக்கு?”

ஒட்டுகிறவன் என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான்.

“ஒங்க மகனுங்களா ஐயா?” என்று கேட்டான்.

“ஆமா” என்றேன்.

என் ஆயுளில் என்னைக் கூட்டித்தான் பொய் சொல்லியிருக்கிறேன். குறைத்துச் சொன்ன முதல் பொய் இதுதான். சொல்லிவிட்டு டயகம பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். குளிர் என்று பக்கத்து ஆளிடம் சொன்னேன். குளிர் இல்லை மச்சான், பயம். பனி விழுந்து கருகின கொழுந்தைப் பார்த்திருக்கிறாயே, வெளியில் இலை மாதிரியே நிற்கும், தொட்டால் பொடியாகும். அந்த மாதிரி இருந்தது நெஞ்சு.

நீ போன பிறகு இரண்டு வருஷம் நான் குழலை எடுக்கவில்லை. கேட்டவர்களுக்கு, “என் தவிலு போயிருச்சு, இனி எதுக்கு?” என்று சொன்னேன். கேட்டவர்களும் கண் கலங்கினார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரிடமும் சொன்னதில்லை. மேல் ஸ்தாயிக்கு மூச்சு போவதில்லை. போனாலும் நிற்பதில்லை. போன மாதம் கோயில் தலைவர் செல்லமுத்து என் வாசலுக்கு வந்து, “இந்த வருசம் நீங்கதான் அண்ணே தேருக்கு வாசிக்கணும்” என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ வேறு. “நான் வாசிக்காம ஆத்தா தேரு எப்பத் தலைவரே நகர்ந்துச்சு?” என்று கேட்டுவிட்டேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி கரண்டியைத் தட்டில் போட்ட சத்தம் கேட்டது. உன் தங்கச்சியின் கரண்டிச் சத்தத்துக்கு அர்த்தம் உனக்குத் தெரியும்.

தவிலுக்கு மாத்தளையிலிருந்து ரவீந்திரன் என்று ஒருவரைப் பிடித்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல கை. உன் கை மாதிரி இல்லை, ஆனால் நல்ல கை. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஒத்திகை. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியைத் தொடங்கினேன். இரண்டாவது சுற்றில் மூச்சு பாதியில் அறுந்தது. குழல் நுனிச் சீவாளியில் காற்றுத்தான் வருகிறது, நாதம் இல்லை. அந்த மனுஷன் உடனே கையை வேகமாக்கி அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டார். மூன்று இடத்தில் அப்படி. முடித்ததும் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

“எப்படி தம்பி?”

“அருமை ஐயா.”

“உண்மையச் சொல்லுங்க.”

“அருமைங்க ஐயா. நீங்கல்லாம் அந்தக் காலத்து ஆளுங்க. நாங்க என்னத்தச் சொல்றது?”

அவர் சிரித்த சிரிப்பு எனக்கு எங்கேயோ பார்த்த சிரிப்பாக இருந்தது. வீட்டுக்கு நடந்து வருகிறபோது, தேயிலை ஸ்டோர் வளைவில், எங்கே பார்த்தேன் என்று புரிந்தது. என் முகத்தில்தான். உன்னிடம் அப்படித்தான் நான் சிரித்தேன்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேரே சொல்ல வரமாட்டேன் என்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிற கடிதம், கொஞ்சம் சுற்றித்தான் வரும். பொறுத்துக்கொள்.

டயகமப் பக்கம் அந்தக் கல்யாணம் நினைவிருக்கிறதா? நான் ஸ்டோர் மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை, நீ கவ்வாத்துக் கூட்டத்தில் செடி வெட்டுகிற வேலை. இரண்டு பேரும் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் கெஞ்சி லீவு வாங்கிப் போன காலம். கல்யாணி ராகத்தை எடுத்தேன். மூன்று மணி நேரம் வாசித்தேன். சரி, முறைக்காதே, முக்கால் மணி நேரம். நடுவில் நமக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அதே பிடியை இருபதாவது தடவை சுற்றிக்கொண்டிருக்கிறேன். நீ காதருகே சாய்ந்து சொன்னாய்:

“மச்சான், தேத்தண்ணி ஆறுது.”

உனக்குத் தாகம் என்று நினைத்தேன். “நீ குடிச்சுக்க” என்று கண்ணால் காட்டிவிட்டு இருபத்தொன்றாவது சுற்று. மறுபடியும் சாய்ந்தாய். “டேய், நான் தேத்தண்ணியைச் சொல்லல. ஒன்னயச் சொல்றேன்.” கண்ணைத் திறந்தால் ஐயர் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கொட்டாவி விடுகிறார்.

அன்றிலிருந்து அது நம் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த வார்த்தை. இசை செத்துவிட்டது, விரல் மட்டும் ஓடுகிறது, இறக்கி வை என்று அர்த்தம். நாற்பது வருஷத்தில் நாலு தடவைதான் என்னிடம் சொன்னாய். நாலு தடவையும் உன்னோடு கோபித்துக்கொண்டு வேறு பஸ்ஸில் வந்தேன். நாலு தடவையும் நீ சொன்னதுதான் சரி. இதை நீ இருக்கும்போது ஒப்புக்கொண்டிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்?

நான் உனக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உன் வாசிப்பில் தேத்தண்ணி ஆறினதே இல்லை, கடைசிக் காலம் வரைக்கும்.

ஹட்டனில் ஒரு கோயிலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து வாசித்தாரே, எண்பது வயது. இரண்டு பஸ் மாறிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். முதல் அரை மணி நேரம் வெறும் காற்று. பிடி எல்லாம் நழுவுகிறது. சனம் ஆகா ஆகா என்கிறது. “பேரு வாசிக்குது மச்சான், ஆளு வாசிக்கல” என்று நீ என் தொடையைக் கிள்ளினாய். எழுந்து போய்விடலாம் என்றேன். இரு என்றாய். பிறகு அவர் தோடியில் ஒரு சுரத்தைத் தொட்டார். அதில் நின்றார். எங்கேயும் போகவில்லை. போக முடியாமல் நின்றாரா, போக வேண்டாம் என்று நின்றாரா, தெரியாது. நீ கிள்ளின கையை எடுக்க மறந்துவிட்டாய். வெளியே வந்து நான், “இந்த வயசுல வீட்டுல இருந்திருக்கலாம்” என்றேன். நம் தோட்டத்தில் இறங்கும்போது, “அந்த ஒத்தச் சுரத்த முப்பது வயசுல அவரே வாசிச்சிருக்க மாட்டாரு. அப்ப அவருக்கு ஓட எடம் இருந்துச்சு” என்றாய்.

நான் சிரித்தேன். எனக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு, பல் எல்லாம் சரியாக இருந்தது. தலவாக்கலை ஸ்டேஷனுக்கு மேல் இருக்கிற கோயிலில் நான் வாசித்ததைக் கேட்க ரயிலையே நிறுத்தி வைத்த காலம் அது. சிக்னல் விழவில்லை, அதனால் நின்றது என்று நீ ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய். இருக்கட்டும். நின்றதா இல்லையா?

கவ்வாத்துக்காரன் நீ. வயசாவதைப்பற்றிப் பேச்செடுத்தால் செடியைத்தான் காட்டுவாய். “இந்தச் செடிக்கு நூறு வயசு மச்சான். வெள்ளக்காரத் தொரை நட்டது. கொழுந்து மட்டும் என்னைக்கும் பச்சப்புள்ள.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், செடிக்கு மேல் ஸ்தாயி கிடையாது. செடியை நோட்டீஸ் போட்டுக் கூப்பிடுவதும் இல்லை.

என் முன்பல் ஆறும் விழுந்து பல்செட்டுக் கட்டினபோது நடந்ததை உன் தங்கச்சி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். அது நம்மைத் தவிர வேறு யாருக்கும் வராத புத்தி. முதல் கச்சேரிக்கு முன்னால் செட்டு ஆடுகிறது. சீவாளியை உதடு பிடிக்க உள்ளே பல் கெட்டியாக நிற்க வேண்டுமே. நீ யோசிக்கவே இல்லை, விரல்கூட்டுக்கு வைத்திருந்த மாப்பசையில் ஒரு விரல் எடுத்துச் செட்டின் அடியில் பூசிவிட்டாய். “எம் விரல்ல கல்லு மாதிரி நிக்குது, ஒன் ஈறுல நிக்காதா?” அடுப்பில் காயவைக்க வாயைத் திறந்துகொண்டு உட்காரச் சொன்னாய், நானும் உட்கார்ந்தேன். முதல் உருப்படி முடிகிற வரைக்கும் செட்டு நின்றது. இரண்டாவதில் எச்சில் ஊறி, பசை கஞ்சியாகி, செட்டு நாக்கில் வந்து விழுந்தது. பல்லைத் துப்பி மடியில் கட்டிக்கொண்டு பொக்கை வாயோடு மீதியை வாசித்தேன். நீ சிரிப்பை அடக்க முடியாமல் தவிலைப் போட்டு அறைந்த அறையில் சனம் அதைப் பெரிய வித்தை என்று கைதட்டியது. அன்றிலிருந்து மேல் ஸ்தாயிக்குப் போவதை விட்டேன். கேட்டால், “ஆத்தாளுக்கு அடக்கமா வாசிச்சாத்தான் பிடிக்கும்” என்பேன்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே போகலாம். சிரிப்பாகவே போய்விடும். ஆனால் பயம் இந்தப் பக்கமாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

உன் இடது கை நடுங்கத் தொடங்கியதை நான்தான் முதலில் பார்த்தேன். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கையில் தட்டு கிணுகிணுத்தது. அந்தக் கையில்தானே தவில் கழியைப் பிடிக்க வேண்டும்? கொத்மலை நீர்த்தேக்கம் தெரிகிற அந்தத் தோட்டத்துக் கோயிலிலிருந்து தேருக்குக் கேட்டு வந்திருந்தார்கள். நீ உடனே சரி சொல்லவில்லை. என்னைக் காம்பராவுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தவிலை மடியில் வைத்து அரை மணி நேரம் வாசித்துக் காட்டினாய். வலது கை உன் கைதான். இடது கைக் கழி இரண்டு தடவை தோல் விளிம்பில் தட்டி வழுக்கியது. நிறுத்திவிட்டுக் கேட்டாய்.

“உண்மையச் சொல்லு. போகலாமா, வேணாமா?”

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கில் இருந்தது. இரண்டே சொல். நீ எனக்கு நாலு தடவை சொன்னது. நான் சொன்னால் நீ தவிலைக் கட்டி வைத்துவிடுவாய் என்று தெரியும். நீ கட்டி வைத்தால் எனக்குத் தவில் இல்லை. நான் யாருக்காகப் பொய் சொன்னேன் என்று இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். உன் மனம் நோகக் கூடாது என்றா, என் பிழைப்புப் போகக் கூடாது என்றா?

“இருபத்தஞ்சு வயசுக் கை மச்சான்!” என்றேன். அந்தச் சிரிப்போடு.

“சரி, ஒம் பேச்ச நம்பி வாறேன்” என்றாய்.

கொத்மலையில் நடந்ததை நான் ஊருக்குச் சொன்ன விதம் வேறு. உனக்கு நடந்தபடியே சொல்கிறேன், நீ அங்கே இருந்தவன். மத்தியானம், தேர் வளைவில் நிற்கிறது. தவில் தனி கேட்டார்கள். நீ தொடங்கினாய். கழி ஒரு தடவை விழுந்தது, எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது தடவை விழுந்து தேர்ச் சக்கரத்துக்குக் கீழே உருண்டு போனது. கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தன், “தாத்தா, பாத்து” என்று கத்தினான். சிரித்தார்கள். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. நீ கழியைத் தேடவில்லை. இடது உள்ளங்கையை வெறுமனே தோலில் வைத்து, மெதுவாகத் தொடங்கினாய். அந்தக் கை எழும்பி வர நேரம் எடுத்தது. நான் ஆனந்தபைரவியை எடுத்தேன். எப்படி எடுத்தேன், ஏன் எடுத்தேன், ஒன்றும் ஞாபகம் இல்லை.

திரும்பி வருகிற வேனில் நீ கேட்டாய், “எப்படி மச்சான் இருந்துச்சு?”

“ஐயோ, சனம் எழும்பி நின்னுச்சு மச்சான்! பொம்பளைங்க அழுதாங்க! அம்பது வருசத்துல இப்படி ஒரு வாசிப்ப இந்த மலை கேட்டதில்ல!”

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கோபமே இல்லாமல்தான் சொன்னாய்.

“நீ சொன்னா எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது மச்சான்.”

அதற்குப் பிறகு நீ தவிலுக்கு உறை போட்டுவிட்டாய். அந்த மழைக் காலத்திலேயே போயும் விட்டாய். உன் சாவு வீட்டில் நான் பேசினேன். மூவாயிரம் பேர் எழுந்து நின்ற கதையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சனம் கூடிக்கொண்டே போனது, ஆனந்தபைரவி நீண்டுகொண்டே போனது. கடைசியில் எனக்கே எது நடந்தது, எது நான் கட்டினது என்று பிரிக்கத் தெரியாமல் போயிற்று.

இப்போது என் பயம் உனக்கு விளங்குகிறதா? வெள்ளிக்கிழமை நான் போக வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு எனக்கு ஒரே சாட்சி அந்தக் கொத்மலை மத்தியானம்தான். கை போன ஒருவனும் பல் போன ஒருவனும் அன்றைக்கு நிஜமாகவே நல்ல இசை செய்திருந்தால், நான் போகலாம். இல்லை, அது என் வாய்ஜாலம் மட்டும்தான் என்றால், செல்லமுத்துவின் காலில் விழுந்தாவது நிறுத்த வேண்டும். கேட்டவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் உண்மை சொல்லக்கூடியவன் நீ ஒருத்தன். நீ இல்லை. நான் இருக்கிறேன், என் பேச்சை நானே நம்ப முடியாமல்.

ஒரு வழி இருந்தது. அந்தக் கைபேசிக்காரன் பிடித்த படம் எப்படியோ உன் மகளுக்கு வந்து, அவள் எனக்கு அனுப்பிவைத்திருந்தாள். இரண்டு வருஷமாக என் கைபேசியில் கிடக்கிறது. நான் திறக்கவில்லை. திறந்து, வாசிப்பு மோசம் என்றால் நான் பொய்யன், நன்றாக இருந்தால் ஒரு நல்ல தவிலுக்கு உறை போடவைத்த கொலைகாரன் என்று பட்டது.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரி அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அமுக்கினேன்.

முதலில் நீ தனியாக வாசிக்கிற பகுதி. மோசம் மச்சான். மன்னித்துக்கொள், இப்போதாவது சொல்கிறேன். கழி வழுக்குகிற ஒவ்வொரு இடமும் கேட்கிறது. விழுகிற சத்தம். “தாத்தா, பாத்து.” சிரிப்பு. பிறகு ஆனந்தபைரவி. சனம் எழுந்து நிற்கவில்லை. மூவாயிரமும் இல்லை, முன்னூறும் இல்லை. ஒலிபெருக்கியில் யாரோ வழியை மறித்து நிற்கிற ஒரு முச்சக்கர வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள். ஜெனரேட்டர் இரைகிறது. நான் அரை மணி நேரம் என்று சொல்லித் திரிந்தது இரண்டு நிமிஷமும் கொஞ்சமும். அதற்குள் படம் முடிந்துவிட்டது.

வீட்டுக்காரி ரொட்டியைத் திருப்பிப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள். கருகின வாசம் வந்தது.

“இது யாருங்க வாசிக்கிறது?” என்று கேட்டாள்.

உனக்குத் தெரியும், நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் என் வாசிப்பைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னது கிடையாது. அவளுக்குப் படம் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது.

“நாந்தான். மச்சானும் நானும். கொத்மல.”

“பொய் சொல்லாதீங்க” என்றாள். “நீங்க இப்படிப் பொறுத்துப் பொறுத்து வாசிக்கிற ஆளா? ஒங்களுக்கு அடுத்த சுரம் கையில வாறதுக்கு முந்தியே வாயில வந்துருமே. இது யாரோ பெரிய ஆளு. இன்னொருக்காப் போடுங்க.”

இன்னொரு தடவை போட்டேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்து பார்த்தேன். நான் ஒரு சுரத்தைப் பிடிக்கிறேன். உன் இடது கை எழும்பவில்லை. நான் நகரவில்லை. உன் கை நடுங்கி நடுங்கி மேலே வருகிறது, உள்ளங்கை இறங்குகிறது, தும் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் நான் அடுத்த சுரத்துக்குப் போகிறேன். ஓடுவதற்கு எனக்கும் இடம் இல்லை, உனக்கும் இல்லை. மூன்றாவது தடவை போடச் சொன்னாள், போட்டேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ரொட்டி கருகிருச்சு” என்று என்னைத்தான் திட்டினாள்.

மூவாயிரம் பேர் எழுந்ததாகக் கட்டினவனுக்கு, ஒரு பெண்பிள்ளை ரொட்டியைக் கருகவிட்டதுதான் மிஞ்சியது. அது போதும் மச்சான். அது நான் கட்டினதில்லை. கருகின ரொட்டியை நானே தின்றேன்.

ஆனால் உன்னிடம் சொன்ன பொய் அதனால் சரியாகிவிடவில்லை. அன்றைக்கு, “மச்சான், ஒன் எடது கை போயிருச்சு, ஆனா அந்த ரெண்டு நிமிசம் நிஜம்” என்று சொல்லியிருந்தால், நீ உறை போட்டிருக்க மாட்டாய். இரண்டையும் சொல்லத் தெரியாமல், முழுவதையும் தங்கமாக்கி, நிஜமாக இருந்த இரண்டு நிமிஷத்தையும் உன்னை நம்பவிடாமல் செய்துவிட்டேன்.

பின்னேரம் ரவீந்திரனைக் கைபேசியில் கூப்பிட்டேன்.

“தம்பி, எனக்கு முன்பல்லு ஆறு இல்ல. செட்டுத்தான். மேல போக முடியாது. மூச்சும் முன்ன மாதிரி இல்ல. ஞாயித்துக்கிழமை எப்படி இருந்துச்சு?”

“அருமைங்க…” என்று அவர் மறுபடியும் தொடங்கினார்.

“மரியாதைய அங்கிட்டு வச்சிட்டுச் சொல்லுங்க.”

“நல்லா இல்லைங்க ஐயா” என்றார். மெதுவாக. “மூணு எடத்துல விட்டீங்க. நான் போட்டு மூடிட்டேன்.”

உள்ளே ஏதோ ஒன்று உடைந்தது. கூடவே எதிலிருந்தோ இறங்கினது போலவும் இருந்தது. நீ போன பிறகு எனக்கு ஒருத்தர் சொன்ன முதல் உண்மை.

“வெள்ளிக்கிழமை மூட வேணாம். நான் விட்டா விட்டபடி நிக்கட்டும். வேகம் வேணாம், தனி வேணாம். அரை மணித்தியாலம் மட்டும் நான். மிச்சத்துக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லித் தலைவர்கிட்ட இப்பவே சொல்லிர்றேன்.”

“நோட்டீஸ்ல பேரு பெருசாப் போட்டிருக்குங்களே ஐயா?”

“அது எம் மகன் பேரு” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பாவம், “சரிங்க ஐயா” என்றார்.

பயம் போய்விடவில்லை. தேர் வளைவில் நின்று, சீவாளியை உதட்டில் வைத்து, காற்று மட்டும் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. யாராவது சிரிக்கலாம். ரவீந்திரனின் கை இளங்கை, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து விழும். வரட்டும். நான் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, உன் உள்ளங்கை எழும்பி இறங்குகிற நேரம் வரைக்கும் நிற்பேன். அந்த நேரத்தை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அது எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், கூட்டாமல் சொல்கிறேன்: ஒரு மூச்சு.

என்னிடம் இருப்பதும் அவ்வளவுதான் மச்சான்.